கைக்கு ஒரு வரி போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

கடந்த வாரம் நீங்கள் வெளியிட்ட குளிர்காலப் பக்கத்தை இரண்டு தரம் வாசித்தேன். கோட்டு எப்படிப் பார்த்து வாங்குவது, சப்பாத்தின் அடி எப்படி இருக்கவேண்டும், காருக்குப் பனிச் சில்லு எப்போது மாற்றவேண்டும் என்று விரிவாக எழுதியிருந்தீர்கள். பயனுள்ள பக்கம். வெட்டிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியும் வைத்திருக்கிறேன். ஆனால் கைக்கு மட்டும் ஒரே ஒரு வரி: "தடித்த கம்பளிக் கையுறை அணிவது நல்லது." அந்த வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன். அதை நம்பி இந்த வாரம் யாராவது கடைக்குப் போனால், என் விரலுக்கு நடந்தது அவர்களின் பிள்ளைக்கோ தாய் தகப்பனுக்கோ நடக்கக்கூடும்.

நான் ரொறொன்ரோ நகரின் ஸ்காபரோவில் ஒரு ஆரம்பப் பாடசாலைக்கு முன்னால் பிள்ளைகளை வீதி கடத்திவிடும் வேலை செய்கிறேன். இது எனக்குப் பதின்மூன்றாவது வின்ரர். காலையில் முக்கால் மணித்தியாலம், பின்னேரம் முக்கால் மணித்தியாலம் சந்தியில் நிற்பேன். வலக்கையில் ஸ்ரொப் பலகை. இடக்கை பிள்ளைகளைத் தடுக்கவும் வரச்சொல்லவும் வேண்டும். குளிருகிறதென்று கையைப் பொக்கற்றுக்குள் வைத்துக்கொண்டு செய்கிற வேலை இல்லை இது. பலகையின் பிடியோ குளிரில் இரும்புபோல ஆகிவிடும், காற்றடித்தால் பலகை பாய்மரம்போல இழுக்கும், அதை இறுக்கிப் பிடிக்கவேண்டும். ஆகவே கையுறை என்பது எனக்கு உடுப்பில் ஒரு பகுதி அல்ல, வேலைக்கான கருவி.

கனடாவுக்கு நான் வந்தது 1998 கார்த்திகையில். பருத்தித்துறையில் பிறந்து வளர்ந்தவளுக்குப் பனி என்றால் மார்கழி விடியலில் வேலியோரப் புல்லில் நிற்கும் துளிதான். வந்து இரண்டு மாதத்துக்குள், 1999 ஜனவரியில், ரொறொன்ரோ மேயர் மெல் லாஸ்ட்மன் இராணுவத்தைக் கூப்பிடும் அளவுக்குப் பனி கொட்டியது. அந்த நாட்களில் எங்களிடம் இருந்தவை பின்னல் கையுறைகள். அவை நனைந்ததும் அவற்றுக்கு மேலே என் கணவரின் காலுறையை மாட்டிக்கொண்டு பஸ் தரிப்பில் நின்றேன். காலுறையும் நனைந்தது. அதற்குப் பிறகும் பல வருடம் தொழிற்சாலைக்குள் வேலை என்பதால் கையைப் பற்றிப் பெரிதாக யோசிக்கவில்லை. வெளியில் நிற்கும் வேலைக்கு வந்த பிறகுதான் படிக்கவேண்டி வந்தது.

இரண்டாவது வருடம், மாசி மாதம். நான் போட்டிருந்தது நல்ல லெதர் கிளவுஸ், உள்ளே மென்மயிர் வைத்தது, பார்ப்பவர்கள் எங்கே வாங்கினீர்கள் என்று கேட்பார்கள். அன்று காலையில் பூச்சியத்துக்குக் கிட்டவாக இருந்தது, மழையும் பனியுமாகக் கலந்து பெய்தது. லெதர் ஊறிப்போனது, நான் கவனிக்கவில்லை. வீட்டுக்குப் போய்ச் சூட்டடுப்புக்குக் கிட்ட வைத்துவிட்டுப் பின்னேரம் அதையே எடுத்துப் போட்டுக்கொண்டு வந்தேன். மேலே காய்ந்திருந்தது, உள்ளே ஈரம் நின்றிருக்கிறது. பின்னேரம் காற்றுத் திரும்பி, குளிர் மளமளவென்று இறங்கியது. முதலில் விரல் கடுத்தது. பிறகு கடுப்பு நின்றுவிட்டது. சூடேறிவிட்டது என்று நினைத்தேன். உண்மையில் விரல் விறைத்து உணர்வு போய்விட்டது. கடைசிப் பிள்ளையையும் கடத்திவிட்டுக் கிளவுசைக் கழற்றப் பார்த்தால் சுண்டுவிரலும் மோதிர விரலும் மடங்கவில்லை. நுனியிரண்டும் சாம்பல் பூத்து, மெழுகு பூசினதுபோல இருந்தன.

வீட்டுக்குப் போய் நேரே சுடுதண்ணீர்க் குழாய்க்குக் கீழே பிடித்தேன். அதைச் செய்யவே கூடாது. உணர்வில்லாத தோலுக்கு எவ்வளவு சூடு என்று தெரியாது. வெந்துபோயிருக்கும், நல்லகாலம் மகள் ஓடிவந்து இழுத்துவிட்டாள். இளஞ்சூட்டுத் தண்ணீரில், 37 முதல் 39 பாகைக்குள், ஊறவைக்கவேண்டும், தேய்க்கக் கூடாது, பனியால் தேய்ப்பது அதைவிடக் கெடுதல் என்று பிறகு வைத்தியர் சொன்னார். விரல் தப்பியது. ஆனால் இன்றைக்கும் வெளியில் ஐந்து பாகைக்குக் கீழே போனால் அந்தச் சுண்டுவிரல் நுனி எனக்கு முதலில் சொல்லும்.

இன்னொன்றையும் வைத்தியர் சொன்னார், அதை உங்கள் பத்திரிகை எங்கள் சனத்துக்கு எழுதவேண்டும். துண்டுப் பிரசுரங்களில் "தோல் சிவக்கும், பிறகு வெளுக்கும்" என்று போட்டிருக்கும். எங்கள் நிறத் தோலில் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது. வெளுப்பும் வெள்ளையாக வராது, சாம்பல் அடித்தாற்போல மங்கும். சிவப்பைப் பார்த்துக்கொண்டிருந்தால் நேரம் போய்விடும். கடுத்த விரல் திடீரென்று நோகாமல் விட்டால், அதுதான் அடையாளம்.

இனி அந்த ஒரு வரிக்கு வருகிறேன். கம்பளி கெட்டதல்ல. நனைந்தாலும் கொஞ்சம் சூடு வைத்திருக்கிற துணி அது. தன் நிறையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சியும் கைக்கு ஈரமாகப் படாது. ஆனால் வெறும் கம்பளிப் பின்னலுக்குள்ளால் காற்று புகுந்து வரும், பனி உருண்டை உருண்டையாக அதில் ஒட்டிக்கொள்ளும், கைச்சூட்டில் உருகி உள்ளே இறங்கும். தண்ணீர், காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை இழுத்துக்கொண்டு போகும். எவ்வளவு தடிப்பென்பது பிறகு. முதலில் ஈரம் உள்ளே வரக்கூடாது. எட்மன்ரன், வினிப்பெக் பக்கம் இருப்பவர்களுக்குக் குளிர் எங்களைவிடக் கடுமை, ஆனால் அங்கே அநேகமான நாட்களில் பனி மாவாக இருக்கும், தட்டினால் கொட்டிவிடும். எங்கள் ஒன்ராறியோ ஏரிக்கரையில் அப்படி இல்லை. காலையில் மழை, மத்தியானம் சகதி, பொழுதுபட உறைவு. அதனால் ரொறொன்ரோவில் இருப்பவர் தண்ணீர் புகாத உறையைத்தான் முதலில் தேடவேண்டும்.

அடுத்தது, ஐந்து விரலுக்கும் தனித்தனி அறை வைத்த கிளவுஸ் வேண்டாம், மிற்றன் வாங்குங்கள். பெருவிரல் தனியே, மற்ற நாலும் ஒன்றாக இருக்கிற உறை. கிளவுசில் ஒவ்வொரு விரலும் தனியே நின்று நாலு பக்கமும் சூட்டை இழக்கும். மிற்றனுக்குள் நாலும் ஒரே பாயில் ஒரே போர்வைக்குள் படுத்த பிள்ளைகள் மாதிரி, ஒன்றின் சூடு மற்றதுக்கு. இந்த நாட்டின் வடக்கில் தலைமுறை தலைமுறையாக வாழும் இனுயிட் மக்கள் உலர்ந்த கடுங்குளிருக்குக் கரிபு மான் தோலிலும், ஈரத்துக்குச் சீல் தோலிலும் செய்து போட்டுவருவது மிற்றன்தான். அவர்களைவிடக் குளிரை அறிந்தவர்கள் வேறு யார்? 2021 ஜனவரியில் ஜோ பைடன் அமெரிக்க ஜனாதிபதியாகப் பதவியேற்ற அன்று செனற்றர் பேர்னி சாண்டர்ஸ் போட்டிருந்த மிற்றனைப் பார்த்து அதே மாதிரி வேண்டுமென்று எங்கள் ஆட்களும் தேடினார்கள். அது பழைய கம்பளி ஸ்வெற்றரில் தைத்தது, கதிரையில் அமர்ந்திருக்க அருமையானது, பனி அள்ளுவதற்கு அல்ல.

கடையில் என்ன பார்ப்பது என்று என்னிடம் தாய்மார் சந்தியில் நின்றே கேட்பார்கள். சிக்னல் மாறும் நேரத்துக்குள் முழுவதும் சொல்ல முடிவதில்லை, இங்கே சொல்கிறேன்.

அட்டையில் "வோட்டர் ரெசிஸ்ரன்ற்" என்று இருந்தால் அது சிறிது நேரம் தாங்கும், அவ்வளவுதான். "வோட்டர் புரூஃப்" என்று இருக்கவேண்டும், அதோடு உள்ளே ஒரு மெல்லிய சவ்வு இருப்பதாகவும் எழுதியிருக்கவேண்டும். வெளித்துணி நைலோனாக இருந்தால் மட்டும் போதாது, தையல் ஓட்டைகளால் தண்ணீர் இறங்கும். அந்தச் சவ்வு வெளித்துணிக்கும் உள்மெத்தைக்கும் நடுவில் ஒரு பைபோல இருக்கும். 1969-இல் அமெரிக்காவில் பொப் கோர் என்பவர் ஒருவகைப் பிளாஸ்ரிக்கைச் சட்டென்று இழுத்து விரித்துப் பார்த்ததில் கண்டுபிடித்தது, கோர்ரெக்ஸ் என்று விற்பது அதுதான். அதன் துளைகள் ஒரு தண்ணீர்த் துளியைவிட ஏறக்குறைய 20,000 மடங்கு சிறியவை. மழை உள்ளே வராது, வியர்வை ஆவி வெளியே போகும். வியர்வை போகவேண்டியது மிக முக்கியம். றப்பர் கையுறை ஒரு சொட்டும் விடாதுதான், ஆனால் பனி அள்ளிப் பத்து நிமிடத்தில் உள்ளே உங்கள் வியர்வையிலேயே கை நனைந்துவிடும். கோர்ரெக்ஸ் என்ற பெயர்தான் வேண்டுமென்றில்லை, வேறு பெயரில் மலிவாகவும் நல்ல சவ்வுகள் வருகின்றன.

நான் வீட்டில் ஒரு சோதனை செய்தேன். எங்கள் வீட்டில் இருந்த நாலு சோடியை எடுத்து, ஒவ்வொன்றுக்குள்ளும் சமையலறைக் கடதாசியை மடித்து வைத்து, பாத்திரம் கழுவும் தொட்டியில் குளிர்தண்ணீர் நிரப்பி, வாய்ப்பக்கம் தண்ணீருக்கு மேலே நிற்கப் பத்து நிமிடம் அமிழ்த்திப் பிடித்தேன். இரண்டில் கடதாசி ஊறிக் கூழாகிவிட்டது. ஒன்றில் பெருவிரல் தைத்த மூலையில் மட்டும் ஒரு சதக் காசளவு ஈரம். ஒன்று சுத்தமாகக் காய்ந்திருந்தது. ஊறின இரண்டில் ஒன்றுதான் நாலிலும் விலை கூடியது. அன்றிலிருந்து நான் விலையைப் பார்ப்பதில்லை, பெருவிரல் மூலையைப் பார்க்கிறேன்.

உள்மெத்தை கழற்றி எடுக்கக்கூடியதாக இருந்தால் நல்லது, ஏனென்றால் காயவைக்கலாம். மெத்தை பொலியெஸ்ரர் நாராக இருக்கட்டும். பறவைத் தூவி நனைந்தால் கட்டிபட்டுச் சூடு போய்விடும், பருத்தி என்றால் கையிலேயே எடுக்காதீர்கள். உள்ளங்கைப் பக்கம் லெதரோ சொரசொரப்பான துணியோ இருக்கவேண்டும், இல்லாவிட்டால் சவளும் நழுவும், பிள்ளையின் கையும் நழுவும். அளவு இறுக்கமாக வேண்டாம். விரலை நீட்டினால் நுனியில் கால் அங்குலமாவது காலியாக இருக்கவேண்டும். சூட்டைப் பிடித்துவைப்பது மெத்தைக்குள் நிற்கும் காற்று. இறுக்கினால் அந்தக் காற்றும் போகும், விரலுக்கு இரத்த ஓட்டமும் குறையும். அதற்குள் மெல்லிய மெரினோ கம்பளிக் கிளவுஸ் ஒன்று போட்டுக்கொண்டால், திறப்பு எடுக்கவும் போன் எடுக்கவும் மிற்றனைக் கழற்றினாலும் கை வெறுமையாகாது. உங்கள் பத்திரிகை சொன்ன கம்பளிக்கு இடம் அங்கேதான், உள்ளே.

மிற்றனின் வாய் ஜக்கெற்றின் கைக்கு மேலேயா கீழேயா என்று என்னோடு வேலை செய்பவர்களுக்குள் வருடாவருடம் விவாதம் நடக்கும். நான் கண்டது இது: ஸ்ரொப் பலகை தூக்குகிற வலக்கைக்கு மிற்றனின் நீண்ட வாய் ஜக்கெற்றின் கைக்கு மேலே இருக்கவேண்டும். கை உயர்ந்திருப்பதால் தண்ணீர் விரலிலிருந்து முழங்கை பக்கம் ஓடும், மேலே மூடியிருந்தால் வழிந்து போய்விடும். தொங்கவிட்ட இடக்கைக்கு மழை நாளில் மிற்றன் உள்ளே, ஜக்கெற் மேலே, இல்லாவிட்டால் கையால் வழிகிற தண்ணீர் முழுவதும் வாளிக்குள் விழுவதுபோல மிற்றனுக்குள் விழும். பனி அள்ளுபவருக்கும் சறுக்கி விளையாடும் பிள்ளைக்கும் இரண்டு கையும் மேலேதான், கயிற்றை இழுத்து முழங்கைக்குக் கீழே இறுக்கிவிடவேண்டும்.

பிள்ளைகளைப் பற்றிக் கொஞ்சம் கூடச் சொல்லவேண்டும். ஜேகே என்ற பாலர் வகுப்புக்கு வரும் நாலு வயதுப் பிள்ளைக்கு ஐந்து துளைக் கிளவுஸ் போட்டு அனுப்பினால், வகுப்பில் இருபதுக்கு மேற்பட்ட பிள்ளைகளை வெளியே கூட்டிக்கொண்டு போகும் ஆசிரியை ஒவ்வொரு விரலையும் தேடித் தேடி நுழைக்கவேண்டும். பிள்ளை அவசரத்தில் இரண்டு விரலை ஒரு துளைக்குள் விட்டுக்கொண்டு ஓடும். போன வருடம் ஒரு சின்னப் பெண் சந்தியில் என் கோட்டைப் பிடித்து "அன்ரி, கை நோகுது" என்றாள். பாக்க வடிவான பின்னல் கிளவுஸ், நுனியில் முயல் காது. பிழிந்தால் தண்ணீர் வடிந்தது. நான் அதைக் கழற்றி, அவளின் கையை என் கோட்டுக்குள் அக்குளில் வைத்துச் சூடேற்றி, பையில் இருந்த மிற்றனை மாட்டிவிட்டேன். தாய்க்கு இதைச் சொன்னபோது அழுதே விட்டார். அவர் கவனமில்லாத தாய் அல்ல. கோட்டுக்கு 150 டொலர் கொடுத்தவர். கைக்கு என்ன வாங்கவேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

தொலைக்காமல் இருக்கக் கழுத்தைச் சுற்றிக் கயிறு கட்டிவிடுவது பழைய வழக்கம். நான் வேண்டாமென்று சொல்வேன், சறுக்குமரத்தில் கொளுவினால் ஆபத்து. ஜக்கெற்றின் கையோடு கவ்விவிடும் கிளிப் ஒரு சில டொலருக்குக் கிடைக்கிறது. இரண்டு சோடி வாங்குங்கள். காலை இடைவேளையில் நனைந்தது பின்னேரத்துக்கு முன் காயாது.

காயவைப்பதற்கும் முறை இருக்கிறது. என் லெதர் கிளவுசுக்குச் செய்ததைச் செய்யாதீர்கள். உள்மெத்தையைக் கழற்றித் தனியே, உறையை வாய் கீழாக, சூட்டுக் காற்று வரும் துவாரத்திலிருந்து ஓரடி தள்ளிக் கொடியில் மாட்டுங்கள். நெருப்பு மாதிரிச் சூட்டில் வைத்தால் சவ்வை ஒட்டிய பசை இளகிவிடும், அடுத்த மழைக்கு ஒழுகும். உள்ளே கைவிட்டு விரல் நுனி வரை தொட்டுப் பார்த்த பிறகுதான் காய்ந்தது என்று சொல்லவேண்டும். நான் இப்போது ஒவ்வொரு நாளும் தொட்டுப் பார்க்கிறேன்.

காற்றை யாரும் கணக்கெடுப்பதில்லை. ரேடியோவில் சுழியத்துக்குக் கீழே 20 என்று சொல்வார்கள். மணிக்கு 30 கிலோமீற்றர் காற்று இருந்தால் உங்கள் தோலுக்கு அது சுழியத்துக்குக் கீழே 33, இதைத்தான் காற்றுக் குளிர் என்பார்கள். கனடாச் சுற்றாடல் திணைக்களத்தின் கணக்குப்படி சுழியத்துக்குக் கீழே 28 முதல் 39 வரையான காற்றுக் குளிரில் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்தில் உறையக்கூடும். நான் நிற்பது 45 நிமிடம்.

இதைவிட எனக்குக் கவலை, ஊரிலிருந்து வருகிற அம்மா அப்பாமார்தான். பிள்ளைகள் எயார்போட்டுக்குக் கோட்டுக் கொண்டுபோவார்கள். கைக்கு, வீட்டில் கிடந்த யாருடையதோ ஒரு பழைய கிளவுஸ். அவர்கள் பேரப்பிள்ளையைப் பாடசாலைக்குக் கூட்டிவருவார்கள், பஸ் ஏறிக் கோயிலுக்குப் போவார்கள், தைப்பொங்கல் காலையில் பட்டுடுத்து வெறுங்கையோடு கோயில் வாகனத் தரிப்பிடத்தில் பானையும் பையும் தூக்கிக்கொண்டு நிற்பார்கள். இவர்களில் எத்தனையோ பேருக்கு நீரிழிவு. நீரிழிவால் நரம்பு மங்கியவருக்குக் கை விறைப்பது தெரியவே தெரியாது. சில பிரஷர் குளிசைகளும் விரல்களுக்குப் போகிற இரத்தத்தைக் குறைக்கும். குலுக்கினால் சூடாகும் சிறு பைகளை மிற்றனுக்குள் போட்டுக் கொடுக்கிறார்கள். இரும்புத் தூள் காற்றோடு சேர்ந்து துருப்பிடிக்கும் சூடு அது, நேரே தோலில் பட வைத்தால் உணர்வில்லாத கையைச் சுட்டுவிடும். துணிக்கு வெளியேதான் இருக்கவேண்டும்.

என் சந்திக்குத் தினமும் பேரனோடு வருகிற ஐயா ஒருவர் இருக்கிறார், எழுபத்தைந்து இருக்கும். போன மார்கழியில் அவர் பேரனுக்கு மிற்றன் மாட்டிவிட்டுத் தன் கைகளைச் சால்வைக்குள் சுற்றிக்கொண்டு நின்றார். "உங்களுக்கு எங்கே ஐயா?" என்று கேட்டேன். "எனக்கென்னத்துக்குத் தங்கச்சி, ரெண்டு நிமிசம்தானே" என்றார். பிள்ளையை விட்டுவிட்டு அவர் திரும்பி நடக்கும் தூரம் ரெண்டு நிமிடமல்ல, பதினெட்டு நிமிடம், நான் பிறகு ஒருநாள் நடந்து பார்த்தேன். அவருக்கு ஒரு சோடி வாங்கிக் கொடுத்தேன், 42 டொலர். வாங்க மறுத்தார். "பலகை பிடிக்கிற என்ர கையைப் பாருங்கோ" என்று சுண்டுவிரலைக் காட்டின பிறகுதான் வாங்கினார்.

ஐயா, நான் கேட்பது பெரிய விஷயமில்லை. அடுத்த குளிர்காலப் பக்கத்தில் கைக்குத் தனியே ஒரு கட்டம் போடுங்கள். மிற்றன், தண்ணீர் புகாத சவ்வு, கழற்றும் உள்மெத்தை, நுனியில் இடம், எங்கள் தோலில் உறைவு எப்படித் தெரியும் என்பது. எழுத்தைப் பெரிதாகப் போடுங்கள், வயதானவர்கள் கண்ணாடி இல்லாமல் வாசிக்க. மாசி கடைசியில் கடைகளில் வின்ரர்ச் சாமான்கள் விலை குறையும், அப்போது அடுத்த வருடத்துக்கு ஓரளவு பெரிதாக வாங்கிவைக்கலாம் என்பதையும் சேர்த்துவிடுங்கள். இந்த வாரத்துக்கு ஏற்கனவே பிந்திவிட்டது என்றால் இந்தக் கடிதத்தையாவது போடுங்கள். திங்கட்கிழமை காலை உறைமழை என்று சொல்லியிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
பாடசாலை வீதிக் கடவைப் பணியாளர்,
ஸ்காபரோ.